ஓரம் நசுங்கிய தட்டு

நான் மேடையில் நன்றாகப் பேசுவேன். இதை அடக்கத்தோடு சொல்ல எனக்கு வராது. எண்பதுகளில் ஆவடியில் எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பில் பொங்கல் விழா என்றால் வழக்காடு மன்றம் உண்டு. வழக்காடு மன்றம் என்றால் நான் உண்டு. பழைய நாவல் ஒன்றிலிருந்து ஒரு பாத்திரத்தைப் பிடித்துக் கூண்டில் ஏற்றுவோம். ஒருவர் குற்றம் சாட்டுவார், ஒருவர் மறுப்பார், வெளியூரிலிருந்து வரும் நடுவர் தீர்ப்புச் சொல்வார். காகிதத்தில் பிறந்த ஒரு ஜீவனுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்துவிட்டு, சுண்டலைக் கொறித்துக்கொண்டே வீட்டுக்குப் போவோம்.

இதில் யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. அந்த நாவல்களில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை.

படித்தவள் என் மனைவி. தெற்கேயிருந்து வேலைக்கு வந்த எனக்கு, கூட வேலை பார்த்தவர் மூலமாகப் பூந்தமல்லிப் பக்கம் நூம்பல் கிராமத்தில் அமைந்த சம்பந்தம். நெல்லும் கத்தரியும் போட்ட குடும்பம். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அந்த ஆத்திரத்தையெல்லாம் அவள் கிளை நூலகத்தின் மேல் காட்டினாள் என்று நினைக்கிறேன். வாரத்துக்கு இரண்டு தடிப் புத்தகங்கள் வீட்டுக்கு வரும், போகும். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் நான் பாயில் நோட்டும் பேனாவுமாகச் சாய்ந்துகொள்வேன். அவள் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்து கதை சொல்வாள். கதையை மட்டுமல்ல, எழுதியவர் அதை எப்படிச் சொல்லியிருக்கிறார் என்பதையும் சொல்வாள்.

“அவள நல்லவன்னு இந்தாளு ஒரு எடத்துலயும் எழுதல, பாத்தீங்களா. ஊர்ல நாலு பேரு இன்னா பேசிக்கிறாங்கன்னு எழுதுறாரு. அவ கையி இன்னா செஞ்சிகினு கீதுன்னு எழுதுறாரு. மனசுல இன்னா கீதுன்னு கண்டுபுடிக்கிற வேலைய நம்மகிட்ட வுட்டுட்டாரு.”

கதையின் கருத்து என்ன என்று கேட்டால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும். “கருத்த வாயால சொல்றதுன்னா அவரு எதுக்கு நானூறு பக்கம் எழுதுறாரு? ஒரு கார்டுல எழுதிப் போட்டுட்டுப் போயிருக்கலாமே.”

இதையெல்லாம் நான் தூய தமிழுக்கு மாற்றி, ஏற்ற இறக்கத்தோடு மேடையில் விடுவேன். கைதட்டல் கூரையைப் பிளக்கும். இறங்கி வந்ததும் பெரிய அதிகாரிகூடக் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன ஆழமான வாசிப்பு சார் என்பார். நான் கண்ணை லேசாக மூடி அதை ஏற்றுக்கொள்வேன். அப்போது பெண்கள் வரிசையில் அவளும்தான் உட்கார்ந்திருப்பாள். இது என் மனைவி சொன்னது என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். அது ஏன் ஒரு வருஷம்கூட என் வாயில் வரவில்லை என்று இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு வருஷம் எடுத்துக்கொண்ட நாவலில், பெரிய குடும்பத்து மருமகள் ஒருத்தி, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். குடும்பத்தின் மானம் போகிறது. அவள் குற்றவாளியா இல்லையா என்பது வழக்கு. என் மனைவி அந்த நாவலை மூன்று முறை படித்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்து ஒரு காட்சியை மிக மெதுவாகச் சொன்னாள்.

நாத்தனாருக்கு நிச்சயதார்த்தம். நினைத்ததைவிட அதிக ஜனம் வந்துவிட்டது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மருமகள் அடுக்களைக்குத் திரும்புகிறாள். பானையில் ஒரு பருக்கை இல்லை. அதில் தண்ணீரை ஊற்றி, ஓரம் நசுங்கிய ஒரு தட்டால் மூடி வைக்கிறாள். பார்ப்பவர்கள், இவளும் சாப்பிட்டுவிட்டுப் பானையை ஊற வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பின்வாசல் படியில் போய் உட்காருகிறாள்.

“துன்னியான்னு ஒருத்தரும் கேக்கல,” என்று முடித்தாள். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்: ‘தட்டு, ஓரம் நசுங்கியது. நல்ல விவரம்.’

இந்த முறை குற்றம் சாட்டுவது நான்தான் என்று சொன்னதும் அவள் முகம் மாறியது.

“இந்த ஒரு தபா வேற யார்னா பேசட்டுமே. அவ பாவங்க.”

“கதையில வர்றவ மேல உனக்கு என்ன இவ்வளவு பாசம்?” என்று சிரித்தேன்.

மேடையில் அன்றைக்கு எனக்கு நாக்கில் சனி. எதிரணிக்காரர் அந்த மருமகளின் பொறுமையைப் பேசி உட்கார்ந்ததும், நான் எழுந்து அந்தத் தட்டு விஷயத்தைக் கையில் எடுத்தேன். பாருங்கள், ஆசிரியர் எவ்வளவு நுட்பமாக அந்தத் தட்டின் ஓரம் நசுங்கியிருப்பதைக்கூடச் சொல்கிறார் என்று ஆரம்பித்தேன். பிறகு திருப்பினேன். இது பொறுமையா, திமிரா? பசிக்கிறது என்று வாயைத் திறந்து கேட்டால் கொடுக்க மாட்டார்களா? பானையை மூடி வைத்துவிட்டுப் பட்டினி கிடந்து, ஒன்றும் அறியாத ஒரு குடும்பத்தையே குற்றவாளி ஆக்கியவள் இவள். எங்கள் வீட்டில் இப்படி ஒருத்தி இருந்தால் நான் தட்டைக் கழுவவாவது சொல்லியிருப்பேன் என்றேன். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. எதிரணிக்காரர் தம் குறிப்புத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவரும் நாவலைச் சரியாகப் படிக்கவில்லை போலும். நடுவரும் அப்படித்தான் இருக்க வேண்டும். குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது.

திரும்பி நடக்கும்போது, “நல்லா பேசுனீங்க,” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் நோட்டோடு சாய்ந்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். புத்தகம் அலமாரியில இருக்கு, நீங்களே படிச்சுக்குங்க என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் அவள் எனக்கு ஒரு கதையும் சொன்னதில்லை. இரண்டு பொங்கல் ஏதோ ஒப்பேற்றினேன். மூன்றாம் வருஷம் என்னைக் கூப்பிடவில்லை. மேடை போனது போகட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நூம்பலில் அவள் வீட்டார் கொடுத்த மனையில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு போனோம். ஒருநாள் பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு எதிரே, நடைபாதைப் பழைய புத்தகக் குவியலில் அந்த நாவல் கிடந்தது. அவளுக்குக் கொடுக்கலாம் என்று வாங்கினேன். கொடுப்பதற்கு முன்னால் ஒரு வீம்புக்கு நானே படித்தேன், எழுத்துக் கூட்டாத குறையாக, பத்து நாள்.

நாத்தனாருக்கு நிச்சயதார்த்தம் நடக்கிறது. ஜனம் வருகிறது. மருமகள் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பானை இல்லை, தட்டு இல்லை, பின்வாசல் படி இல்லை. கிழிந்த பக்கம் ஏதும் உண்டா என்று எண்ணிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

என் தங்கையின் நிச்சயதார்த்தம் ஆவடிக் குடியிருப்பு வீட்டில் நடந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறாவது மாதம். எங்கள் பக்கத்து ஜனம் இரண்டு வேனில் வந்து இறங்கியது. ஊரிலிருந்து சாமான்கள் லாரியில் வந்தபோது ஓரம் நசுங்கிப்போன எவர்சில்வர் தட்டு ஒன்று எங்களிடம் உண்டு. அதைப் போட்டு மூடிய பானையிலிருந்துதான் நான் தினமும் சோறு தின்றேன். மேடையில் அதைப் பற்றி அவ்வளவு நீட்டி முழக்கியபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

புத்தகத்தோடு அடுக்களைக்குப் போனேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அந்தத் தட்டு விஷயம் இதுல இல்லையே,” என்றேன்.

அவள் அட்டையைப் பார்த்தாள். “இல்லதான்.”

“அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னனே,” என்றாள். “நீங்க நோட்டுல எழுதிகினு இருந்தீங்க.”