மேஸ்திரிக்குச் சுகர்

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை டென்னிஸ் முதலில் தன் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார். சூடு பதமாக இருந்தால்தான் அது மேஸ்திரியின் காதுக்குப் போகும். மேஸ்திரி என்பது பழுப்பும் வெள்ளையுமான ஒரு கடுவன் பூனை. வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டியபோது எங்கிருந்தோ வந்து செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு, பூச்சு முடிகிறவரை வேலையை மேற்பார்வை பார்த்ததால் வந்த பெயர். "இன்னா மேஸ்திரி, காதக் கொஞ்சம் குடு. ஒரே குத்துதான், எறும்பு கடிக்கிற மாரி" என்று பேசிக்கொண்டே காதின் ஓரத்தில் வாஸ்லின் தடவுகிறார். ரத்தம் மயிரில் பரவாமல் முத்தாக நிற்பதற்கு அது. ஊசிமுனையால் ஒரு தட்டு. முத்து எழும்புகிறது. சுகர் பார்க்கும் மிஷினில் செருகிய ஸ்ட்ரிப் அதை உறிஞ்சிக்கொள்கிறது. காதைப் பஞ்சால் அழுத்தியபடி, எண் வரும்வரை டென்னிஸ் மூச்சு விடுவதில்லை.

மூங்கில்துறைப்பட்டில், ஆலைக்குக் கரும்பு போகும் சாலையில் டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறார். ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். அரவை நாட்களில் அச்சு முறிந்து நடுரோட்டில் சாய்ந்த டிரெய்லருக்கு முட்டுக் கொடுக்க நாலு பேர் வேண்டிய இடத்தில் டென்னிஸும் இன்னொருவரும் போதும். ஆனால் ஊசி என்றால் ஆகாது. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனாலும், "மாத்தரயே குடுத்துடுங்க" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். தடுப்பூசி முகாமில் முன்னால் நின்றவருக்குப் போட்டதைப் பார்த்தே பெஞ்சில் சரிந்தவர் என்று மனைவி ரெஜினா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

அப்படிப்பட்டவர் கையில் ஊசி வந்தது போன வருஷம். பட்டறைத் தண்ணீர் டிரம்மின் விளிம்பிலேயே மேஸ்திரி குடியிருக்கத் தொடங்கியது. குடித்துக்கொண்டே இருந்தது. குடித்ததை மணலில் குழி குழியாகப் பெய்தது. குண்டாக இருந்த உடம்பு வற்றி, பின்னங்கால்களின் குதி தரையில் பட நடந்தது. கள்ளக்குறிச்சியில் கால்நடை மருத்துவர் வளர்மதி பரிசோதித்துவிட்டு, "இதுக்கு சுகர்ங்க. காலையும் சாயந்தரமும் இன்சுலின் போடணும். வீட்லயே சுகர் பாத்துக்கணும்" என்றார்.

"யாரு போடறது?"

"நீங்கதாங்க."

டென்னிஸ் ரெஜினாவைப் பார்த்தார். அங்கன்வாடியில் முப்பது பிள்ளைகளை அடக்குகிற ரெஜினா, "எனக்குப் பூன பிறாண்டினா பயம்பா" என்று ஒதுங்கிக்கொண்டார். டாக்டர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். டென்னிஸ் போட்ட முதல் குத்து அவருடைய கட்டைவிரலிலேயே இறங்கியது. "அதுகூட நல்லதுதான், எவ்ளோ வலிக்கும்னு தெரிஞ்சிக்கினேன்" என்பது அவர் கணக்கு. அன்றிலிருந்து பால்சோறும் பன்னும் நின்றன. வேகவைத்த கோழியும் மீனும் வந்தன. டீக்கடையில், "சக்கர மில்லாண்ட வூட்டக் கட்டினா பூனைக்குச் சுகர் வராம இன்னா பண்ணும்" என்று சிரித்தார்கள். "வந்த வியாதிக்குப் பாக்கறேன். உனுக்கு வந்தாலும் பாப்பேன், காத நீட்டு" என்றார் டென்னிஸ்.

கை பழகியது. வீட்டுக்குள் நுழையுமுன் கிரீஸ் போக சோப்புத்தூள் போட்டுத் தேய்ப்பது, பிரிட்ஜின் முட்டைத் தட்டில் இன்சுலின், ஞாயிறு பூசைக்குக் கிளம்பும் முன் மேஸ்திரி சாப்பிட்டதா என்று தட்டைப் பார்ப்பது என்று நாள் ஓர் ஒழுங்குக்கு வந்தது. சாப்பிட்ட பிறகுதான் ஊசி. வெறும் வயிற்றில் போட்டால் சுகர் ஒரேயடியாக இறங்கிவிடும் என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

சோதனை திருநாவலூரில் வந்தது. ரெஜினாவின் அண்ணன் பிலிப்பு அங்கே இருக்கிறார். அவர் மகள் எஸ்தருக்குக் கல்யாணம். தாய்மாமன் வரிசை எதுவும் இல்லாவிட்டாலும் அத்தை வீட்டுக்காரர் வராமல் இருக்க முடியுமா? மேஸ்திரியை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. பிளாஸ்டிக் கூடையில் பூனையும் ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்துமாக விடியற்காலையிலேயே கிளம்பினார்கள். அந்த அவசரத்தில்தான் தவறு நடந்தது. மேஸ்திரி இரண்டு வாய் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பஸ் ஹாரன் கேட்டது. "வழியில துன்னுக்கும்" என்று டென்னிஸ் வழக்கமான அளவை அப்படியே போட்டுவிட்டார்.

வழியில் அது எதையும் தொடவில்லை. உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறும்போது கோழித்துண்டை மூக்கருகே காட்டியதற்கு லாரிகளைப் பார்த்து மிரண்டு கூடைக்குள் சுருண்டது. மாதா கோயில் வாசலில் கூடையைக் கண்ட பிலிப்பு மாலையோடு நின்றபடியே பல்லைக் கடித்தார். "மாப்ள, சம்பந்தி வூட்டுக்காரங்க இன்னா நெனப்பாங்க? கல்யாணத்துக்கு யாராவது பூனையத் தூக்கினு வருவாங்களா?"

"அதும்பாட்டுக்கு இருக்கும் மச்சான். சத்தமே போடாது."

சத்தம் போடவில்லை என்பதுதான் விபரீதம். பூசை முடிந்து பந்தியில் பிரியாணி பரிமாறத் தொடங்கியபோது, பந்தலுக்குப் பின்னால் கூடையைத் திறந்த டென்னிஸின் கையில் மேஸ்திரி ஈரத்துணிபோலத் துவண்டது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. காதில் குத்தப் போனார். இரண்டு முறை ஊசி தவறியது. "ரெஜினா" என்று அவர் கூப்பிட்ட குரலில் பந்தியில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

ரெஜினா ஓடி வந்து உட்கார்ந்தார். பயந்துகொண்டே காதைப் பிடித்து அவரே குத்தினார். மிஷினில் எண் நாற்பதைக்கூடத் தொடவில்லை. ரெஜினாவின் போனில் டாக்டர் உடனே கிடைத்தார். "வாயில ஊத்திடாதீங்க, பொரையேறிடும். சர்க்கரப் பாகு எதாவது விரல்ல தொட்டு ஈறுல தேச்சுக்கினே இருங்க."

சமையல்காரர் அய்யனார் பிரெட் அல்வாவுக்குக் காய்ச்சிய பாகில் ஒரு கரண்டி மொண்டு, வாயால் ஊதி ஆற்றிக்கொண்டே வந்தார். தலையைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். பிலிப்பு சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு பட்டு வேட்டியோடு மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூனையை மடியில் வாங்கிக்கொண்டார். "அழுவாத மாப்ள. தேயி, தேயி" என்றார். டென்னிஸ் தான் அழுவதையே அப்போதுதான் அறிந்தார்.

தேய்த்தார். கீழ் ஈறு, மேல் ஈறு, மறுபடி கீழ் ஈறு. பந்தியில் சோறு கேட்கும் குரல்கள் ஓய்ந்திருந்தன. மணக்கோலத்தில் எஸ்தர்கூட எழுந்து வந்து, "மாமா, முழிக்குதா?" என்று எட்டிப் பார்த்தாள். முதலில் நாக்கு அசைந்தது. பிறகு விரலை நக்கியது. பிறகு தலையைத் தூக்கிப் பிலிப்பை ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டு, அவர் வேட்டியிலேயே நிதானமாக ஒன்றுக்குப் போனது.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. பிலிப்பே, "பொண்ணூட்டுக்காரனுக்குப் பன்னீர் தெளிக்குது" என்றபோது சம்பந்தி வீட்டார் உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள். அய்யனார் மசாலா சேராத கோழி ஈரலை வேகவைத்து வந்தார். அதைத் தின்ற பிறகு பார்த்தபோது எண் ஏறியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோதும் இறங்கவில்லை. சாயந்தர ஊசியை டாக்டர் வேண்டாம் என்றார். மறுநாளே கள்ளக்குறிச்சிக்கு வரச் சொல்லி அளவையும் குறைத்தார்.

அதன் பின் பிலிப்பு போன் செய்தால் தங்கையை விசாரிக்குமுன், "மேஸ்திரி எப்டி கீறாரு?" என்கிறார். ரெஜினாவுக்குப் பயம் விட்டுப்போயிற்று. டென்னிஸ் வெளியூர் போனால் காதில் குத்துவது அவர்தான். அளவு படிப்படியாகக் குறைந்து, பொங்கலுக்குப் பிறகு ஊசியே தேவைப்படவில்லை. "சில பூனைக்கு இப்டி சரியாவும். திரும்பியும் வரலாம், அப்பப்ப பாத்துக்கங்க" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மேஸ்திரி இப்போது குதி படாமல் நடக்கிறது. டிராக்டர் போனெட்டில் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மறுக்கிறது. வண்டிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். "இப்பதான் கண்ணசந்தாரு, செத்த இருங்க" என்று டென்னிஸ் அவர்களுக்கு டீ சொல்கிறார்.

"அப்பப்ப" என்று டாக்டர் சொன்னது அவர் காதில் அவ்வளவாக விழவில்லை. தினமும் பார்க்கிறார். இன்று காலையும் பார்த்தார், எண் ஏறியிருக்கவில்லை. ரெஜினா உள்ளே இருந்து, "எவ்ளோங்க?" என்றார். டென்னிஸ் மிஷினை மேஸ்திரியின் முகத்துக்கு நேராகத் திருப்பி, அது கண்ணைச் சுருக்கிப் பார்த்து முடிக்கும்வரை கை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.