பொழுது கிளம்பிவிட்டால் தூக்கு இல்லை

போர்வெல் வண்டியில் குழாய் தூக்கித் தோள்பட்டை இறங்கிய பிறகு, நாமக்கல் பக்கம் கோழி பிடிக்கும் வேலைக்குப் போனேன். முட்டை குறைந்துபோன கோழிகளைக் கூண்டிலிருந்து எடுத்து, கறிக்குப் போகும் லாரியில் ஏற்ற வேண்டும். விடியும் முன்பே முடித்துவிட வேண்டும். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. காலைப் பிடித்துத் தூக்கினாலும் பேசாமல் வரும். வெளிச்சத்தில் ஒன்று கத்தினால் கொட்டகையே கத்தும்.

என்னோடு பிடித்தவன் மோகனூர்க்காரன். அவனுடைய அண்ணன் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தான். மேல்கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அது முடியாமல் எதுவும் செய்ய மாட்டார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தும் இவன் நம்பவில்லை. சூரியன் வந்த பிறகு யாரையும் தூக்கில் போடுவதில்லை என்று எங்கோ கேட்டிருந்தான். அதனால் தினமும் இருட்டிலேயே எழுந்து உட்கார்ந்திருப்பான். பொழுது கிளம்பியதும் முகம் கழுவி, இரண்டு இட்லி தின்றுவிட்டுத் தூங்குவான். அண்ணனுக்கு இன்னொரு நாள் கிடைத்துவிட்டது என்று கணக்கு.

"சும்மா குந்தியிருந்தா நெஞ்ச அடைக்குதுங்ணா. கைக்கு வேலை இருந்தாத் தேவல" என்பான். இந்த வேலைக்கு வந்ததே அதற்காகத்தான். விஷயம் என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் லோடு ஏற்றிவிட்டு டீக்கடையில் நின்றோம். வடக்கே ஏதோ சிறையில் அன்று விடியற்காலை ஒருவனைத் தூக்கிலிட்டதாக டி.வி.யில் செய்தி ஓடியது.

"ஏனுங்க, இதுக்கும் நல்ல நேரம் பாப்பாங்களாட்ட இருக்குது?" என்றார் லாரி டிரைவர்.

"நேரமாவது காலமாவது! பொழுது விடிஞ்சா ஜெயில்ல இருக்கறவனெல்லாம் எந்திரிச்சுக் கத்துவான். வாசல்ல கூட்டம் கூடிரும். அதுக்குள்ள முடிச்சுரோணும்" என்றார் கடைக்காரர்.

டிரைவர் சிரித்தார். "அப்ப நம்ம பொழப்பேதானா! இருட்டுல புடிச்சாக் கத்தாது."

மோகனூர்க்காரன் டீயைக் கீழே ஊற்றினான். பேச்சை மாற்ற நினைத்து, போர்வெல் வண்டியில் இருந்தபோது கேட்டதைச் சொன்னேன். "சாகப் போறவனப் பகலெல்லாம் காக்க வைக்கக் கூடாதுன்னும் சொல்லுவாங்க."

"அப்ப முந்தின ராத்திரி கணக்குல வராதுங்ளா?" என்றான்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அவனுடைய அக்கா போன் செய்தாள். தூக்கு ரத்து, சாகும்வரை சிறை. கேட்டுவிட்டு, தட்டில் மிச்சமிருந்த சோற்றைத் தின்று முடித்தான். அன்று மாலை படுத்தவனை மறுநாள் லோடுக்கு நான்தான் தட்டி எழுப்பினேன்.

கொட்டகைக்குள் போய்க் கூண்டைத் திறந்து ஒரு கோழியின் காலைப் பிடித்தான். வெளியே இழுக்கவில்லை. அப்படியே நின்றான்.

"என்னப்பா?"

"கத்தவே மாட்டேங்குதுங்ணா."

காலை விட்டுவிட்டுக் கூண்டைச் சாத்தினான். வெளியே போய், இருட்டில் ரோட்டைப் பார்த்து நடந்தான். லாரி நின்றுகொண்டிருந்தது. அவனுடைய வரிசையையும் சேர்த்து நானே பிடித்தேன்.