அதிபரின் லாச்சியில் ஒரு திறப்பு

எங்கள் பாடசாலையில் ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு கழிப்பறைதான். அதன் பூட்டுத் திறப்பு அதிபரின் மேசை இழுப்பு லாச்சிக்குள் இருக்கும். போக வேண்டியவர்கள் அவர் முன்னால் நின்று கேட்டு வாங்க வேண்டும். பூட்டாமல் விட்டால் பிள்ளைகள் நாசமாக்கிவிடுவார்கள் என்பது அவருடைய நியாயம்.

எனக்கு ஐபிஎஸ் என்கிற குடல் எரிச்சல் நோய். குடலில் புண் இல்லை, கட்டி இல்லை, எல்லாப் பரிசோதனையும் சுத்தம். ஆனால் வயிறு முறுக்கத் தொடங்கினால் ஐந்து நிமிடம்கூடத் தவணை தராது. மாத்தளையிலிருந்து நாவுலப் பக்கம் வரும் பஸ்ஸில் வெறும் வயிற்றோடுதான் ஏறுவேன். அப்படியும் சில நாட்களில் மூன்று தரம் திறப்பு கேட்க நேரும்.

"டீச்சர், ஒங்க வீட்டுல கக்கூஸ் இல்லையா?" என்பார் அதிபர். பெற்றோர் யாராவது இருந்தால் குரல் இன்னும் உயரும்.

ஒரு நாள் லாச்சியைப் பூட்டிக்கொண்டு கல்விக் காரியாலயத்துக்குப் போய்விட்டார். அன்று எனக்கு என்ன நடந்தது என்று முழுதாக எழுத மாட்டேன். கூட வேலை செய்யும் ஆசிரியை ஒருவர் மேசை விரிப்பை உருவி என் சேலைக்கு மேல் சுற்றி, த்ரீவீலில் ஏற்றி அனுப்பினார். வழியில் நான் அழவில்லை. இந்த மனுசனைச் சும்மா விடக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டே போனேன்.

நான் மருந்தெடுக்கும் கிளினிக்கில் இந்த நோயைப் பற்றிய துண்டுப்பிரசுரம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. தமிழில் நான் எழுதித் தருகிறேன், பாடசாலைகளுக்கும் அனுப்பலாம் என்று டாக்டரிடம் சொன்னேன். சேவை மனப்பான்மை என்று நினைத்திருப்பார், பாவம். எங்கள் அதிபருக்கு ஒரு பழக்கம் உண்டு. ரப்பர் முத்திரை குத்திய எது வந்தாலும் காலைக் கூட்டத்தில் ஒரு சொல் விடாமல் தானே வாசிப்பார். முன்கூட்டிப் படித்துப் பார்ப்பது கிடையாது.

துண்டுப்பிரசுரத்தில் இருந்தபடி, இந்த நோய் கற்பனை அல்ல, நடிப்பும் அல்ல, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று குறித்து வையுங்கள் என்றெல்லாம் ஒழுங்காகவே மொழிபெயர்த்தேன். கடைசிப் பந்தி மட்டும் என்னுடையது. அதைச் சிங்களத்தில் சொல்லிக்காட்டியபோது டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு கிளினிக்கிலிருந்து தமிழ்ப் பாடசாலைகளுக்கெல்லாம் அது தபாலில் போனது. எங்கள் காலைக் கூட்டத்தில் அதிபர் மைக்கைப் பிடித்துக் கணீரென்று வாசிக்கத் தொடங்கினார். கழிப்பறையைப் பூட்டித் திறப்பை லாச்சியில் வைத்திருப்பவர்கள் நோயாளியை அவமானப்படுத்துகிறார்கள், அவர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற இடம் வந்ததும் குரல் இறங்கிப்போனது. நிறுத்தவும் முடியாது, முத்திரை இருக்கிறதே. என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

மன்னிப்பு ஒன்றும் அவர் கேட்கவில்லை. கதவிலிருந்த பூட்டு மட்டும் காணாமல் போனது.

மறுநாள் யாரையும் கேட்காமல் உள்ளே போனேன். சற்று நேரத்தில் வெளியே சப்பாத்துச் சத்தம், பிறகு ஓர் இருமல். அதிபர்தான். பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவையும் மெதுவாகத் தட்டினார். எனக்கு எப்போதோ வேலை முடிந்திருந்தது.

"கொஞ்சம் சுணங்கும் சேர், நில்லுங்க," என்று சொல்லிவிட்டு, எழும்பாமல் உட்கார்ந்திருந்தேன்.