சால்மனுக்காக ஒரு கூட்டம்

பக்கத்து வீட்டு ஜோன் தூண்டிலில் மீனைப் பிடிப்பார், தடவிக்கொடுப்பார், மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். எண்பதுகளின் கடைசியில், லண்டனுக்கு வந்த புதிதில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் தேம்ஸ் ஆற்றங்கரையில் இதைப் பார்த்தபோது மனுசனுக்கு ஏதோ சுகமில்லை என்றே நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் பிடித்த மீன் சட்டிக்குத்தான் போகும்.

அந்தக் குளிர்காலம் எனக்கு விமான நிலையத்தில் தற்காலிக வேலை. விமான இறக்கைகளில் உறைந்த பனியைக் கரைக்க மருந்தடிப்பது. புது ஓடுபாதை போட்டு நிலையத்தைப் பெருப்பிக்கப் போகிறார்கள், அப்போது வேலை நிரந்தரமாகும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். நிரந்தர வேலை இருந்தால்தான் மனைவியைக் கூப்பிடலாம். அவளோ ஊரில் ஷெல்லுக்குப் பயந்து பங்கர் குழிக்குள் இருந்தாள். ஆகவே புது ஓடுபாதையைப் பற்றி நிலையத்தின் முதலாளிகளைவிட நான்தான் அதிகம் கவலைப்பட்டேன். ஜோனும் கவலைப்பட்டார், ஆனால் அது வரக்கூடாதே என்று.

ஒருநாள் வேலியால் எட்டிப் பார்த்து, சால்மன் மீனைக் காப்பாற்றத் தேவாலய மண்டபத்தில் கூட்டம் என்று என்னையும் அழைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வெள்ளைக்காரர் என்னை ஓரிடத்துக்கு அழைத்தது அதுதான் முதல்தடவை.

"வெறுங்கையோடை போகேலாது. கட்லட் செய்துகொண்டு போ," என்றார் என் அறையில் இருந்த யோகன் அண்ணை.

"ஓம் அண்ணை."

எங்களுக்குக் கட்லட் என்றால் ரின்மீன் கட்லட், தகர டப்பாவில் அடைத்து வரும் மீனில் செய்வது. சால்மன் கூட்டமல்லவா, அதற்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று கடையிலேயே விலைகூடிய சால்மன் ரின்னாகப் பார்த்து வாங்கினேன். என் புத்தி அவ்வளவுதான்.

மண்டபத்தில் ஒரு பெண்மணி விளக்கினார். அழுக்கால் தேம்ஸை விட்டே போன மீனை ஸ்கொட்லாந்து முட்டையிலிருந்து வளர்த்து விட்டிருக்கிறார்கள். நிலையம் பெருத்தால் பனி கரைக்கும் மருந்து இன்னும் அதிகமாக ஆற்றில் கலக்கும், மீன் மூச்சுமுட்டிச் சாகும். அந்த மருந்தை அடிக்கும் நானோ மூன்றாவது வரிசையில், மடியில் கட்லட் தட்டோடு இருந்தேன். வெளியூர் மீனை அவர் "எங்கள் மீன்" என்றபோது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது.

தேநீர் வேளையில் ஜோன் ஒரு கட்லட்டைக் கடித்தார்.

"அருமை! என்ன இது?"

"சால்மன்," என்றேன் பெருமையோடு.

அவர் வாய் அசையவில்லை. மண்டபமே என்னைப் பார்த்தது. பிறகு ஜோன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, இன்னொன்றையும் எடுத்தார். சிரிக்காமல் நின்ற பெண்மணியிடம், "விடுங்கள், இவர் எங்கள் ஆள்," என்றார்.

அந்தச் சொல்லுக்காக நான் எத்தனை நாள் ஏங்கியிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. உடனேயே பங்கருக்குள் இருப்பவளின் நினைவும் வந்தது.

"விரிவாக்கத்தை எதிர்ப்பவர்கள் கை உயர்த்துங்கள்," என்றார் பெண்மணி, தேநீர் முடிந்து என் தட்டும் காலியானபின்.

ஜோனின் கை முதலில் உயர்ந்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வெறுந்தட்டை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.