கஷ்டத்துக்கு நான் எழுதிய ஆங்கிலம்

மனு எழுதிக் கொடுப்பது மற்றவர்களின் அழுகையை ஆங்கிலத்தில் அழுகிற வேலை. என்னைப்போல் அரசாங்கக் கந்தோர் வாசலில் டைப்ரைட்டரோடு வெயிலில் காய்ந்தவர்கள் கோபிக்காமல் கேளுங்கள். உங்களிலும் சிலர் இதைச் செய்திருப்பீர்கள்.

கனமான இங்கிலீஸ்

பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் எனக்கு மிஞ்சியது ஒரு கொப்பி நிறைய மரபுத்தொடர்கள். இக்கட்டில் மாட்டியவன் சொல்வதற்கென்றே அதில் இரண்டு பக்கம்: சுடுதண்ணீரில் கிடக்கிறேன், கயிற்றின் நுனியில் தொங்குகிறேன், பிசாசுக்கும் ஆழ்கடலுக்கும் நடுவில் நிற்கிறேன். சண்டைக்கால மன்னாரில் இவற்றுக்கு நல்ல கிராக்கி. கடலுக்குப் போக ஆமியிடம் பாஸ் கேட்டு வந்த கீரிக் கிராமத்து அந்தோனி அண்ணருக்கு மூன்றையும் மனுவின் ஒரே பந்தியில் போட்டுக் கொடுத்தேன். பாஸ் கிடைத்துவிட்டது. அதன் பிறகு அவரே எனக்கு ஆள் பிடித்துத் தந்தார். "மாஸ்ரரிட்டை எழுதுங்கோ, வாசிக்கிறவனுக்கு நடுக்கம் வரும்."

வங்காலை ஸ்ரெல்லா

ஆமியின் சுற்றிவளைப்பில் புருஷனைப் பிடித்துக்கொண்டு போன நாலாம் நாள் ஸ்ரெல்லா வந்தாள். என்ன சாரம் உடுத்திருந்தார், எந்த வாகனத்தில் ஏற்றினார்கள் என்று ஒன்றும் விடாமல் சொல்லத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் நீண்ட வரிசை. "அதெல்லாம் வேண்டாம் பிள்ளை, பேரும் திகதியும் காணும், மிச்சத்தை நான் பாக்கிறன்" என்று மறித்துவிட்டேன். கயிறு, பிசாசு எல்லாம் போட்டு எழுதி, தமிழில் வாசித்தும் காட்டினேன். பெருமைதான், வேறென்ன. அவள் முகம் ஒரு மாதிரியாகப் போனது. "இதில என்னைப் பற்றித்தான் கிடக்கு. அவரைப் பற்றி ஒண்டும் இல்லையே, ஐயா?"

ஒரு கட்டு மனு

ஒரு மாதம் கழித்து, பிடிபட்டவர்களைப் பற்றிய விசாரணைக்கு வந்த உத்தியோகத்தர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் நான் எழுதிய மனுக்கள் ஒரு கட்டாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் அதே கயிறு, அதே பிசாசு. அவற்றுக்கெல்லாம் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். இலுப்பைக்கடவைத் தாயும் வங்காலை மனைவியும் ஒரே வசனத்தில் அழுதிருந்தார்கள். யாரோ சொல்லிக்கொடுத்த கதை என்று மேலிடத்தில் முழுக்கட்டையும் ஒதுக்கிவிட்டார்களாம். அவர் கத்தவில்லை. "பிடிபட்டவனிலை ஒரு அடையாளம் எழுதியிருந்தா நான் ஆமிக் காம்பில தேடியிருப்பன், மாஸ்ரர். இதை வைச்சு ஆரைத் தேட?"

ஆறு வரி

அன்றைக்கே வங்காலைக்கு பஸ் ஏறினேன். இந்த முறை ஸ்ரெல்லா சொல்லச் சொல்ல எழுதினேன். நீலக் கோட்டுச் சாரம், வெள்ளை வான், வலது கையில் பாதிப் பெருவிரல். மற்றப் பாதியை வலைக்கயிறு அறுத்துவிட்டது. எல்லாம் ஆறு வரி. அந்த உத்தியோகத்தரிடமிருந்து பதில் சுணங்காமல் வந்தது. அந்த விரலோடு ஒருவர் முகாமில் இருந்திருக்கிறார். முதல் மனு போய்ச் சேர்ந்த நாட்களிலும் அங்கேதான் இருந்திருக்கிறார். பிறகு வேறு இடத்துக்கு மாற்றினார்களாம். எங்கே என்ற பதிவு இல்லை.

அதை அவளுக்கு வாசித்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "அண்டைக்கே சொல்ல வெளிக்கிட்டனான், ஐயா. நீங்கள்தான் வேண்டாம் எண்டனீங்கள்."

கஷ்டத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் அழகான வழிகள் நிறைய உண்டு, அவற்றில் ஒன்றாவது ஒரு ஆளை வீட்டுக்குக் கூட்டி வந்ததாக நான் கேள்விப்படவில்லை.