நெல் கடிக்கிற பழக்கம்

குறுவை அறுவடை முடிகிற சமயத்தில், கொள்முதல் நிலையத்துக் களத்தில் மயங்கி விழுந்தேன். மூட்டை தூக்கும்போது விழுந்திருந்தால் ஒரு கௌரவமாவது இருந்திருக்கும். சும்மா நின்றுகொண்டிருந்தபோது விழுந்தேன். குவியலுக்குள் கையை விட்டு நாலு நெல்லை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். ஈர நெல் பல்லில் மசியும், காய்ந்த நெல் முறியும். முறிகிற சத்தம் கேட்டது. அடுத்து நினைவிருப்பது, முகத்தில் யாரோ தண்ணீர் அடித்ததும், "பீடியைக் கொறைடான்னா கேக்குறானா இவன்?" என்று மெஷின் முதலாளி திட்டியதும்தான்.

நான் அறுவடை மெஷினோடு ஊர் ஊராகப் போகிறவன். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுக் கிளம்பினேன். வேளாங்கண்ணியில் லாட்ஜ் வேலை, திருப்பூரில் சாயப்பட்டறை, லாரியில் கிளீனர், கடைசியில் மெஷின். டெல்டாவில் அறுப்பு முடிந்தால் ஆந்திரா, அங்கே முடிந்தால் வேறு எங்காவது. பூதலூர் பக்கம் ஒரு கிராமத்தில் எனக்கு வீடும் மனைவியும் உண்டு. போவேன், சில நாள் இருப்பேன், ஏதோ ஒரு காலையில் பையைத் தூக்கிவிடுவேன். சொல்லிக்கொண்டு போனதில்லை. சொன்னால் பேச்சு வளரும்.

இருக்கலாம் என்று நினைத்தாலும் கால் விடாது. இதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை. உட்கார்ந்தால் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊரும். படுத்தால் இன்னும் மோசம். எழுந்து நடந்தால்தான் அடங்கும். பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் நின்றுகொண்டே போவேன். ஊர்சுற்றிக்கு இப்படித்தான் இருக்கும் போல என்று விட்டுவிட்டேன்.

அந்த முறை என் மனைவி சம்பாவுக்குக் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்திருந்தாள். "இந்த ஒரு நடவுக்காச்சும் கூட நில்லுங்க" என்று கேட்டிருந்தாள். மெஷினோ அடுத்த வாரம் ஆந்திராவுக்குக் கிளம்புவதாக இருந்தது. நான் ஏறாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். அவளிடம் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான் தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை என்றார் டாக்டர். ஒரு பாட்டில் ஏற்றினார்கள். மறுநாள் கொஞ்சம் தெம்பு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, எப்போது விடுவீர்கள் என்பதுதான்.

"எதனால இப்படி ஆச்சுன்னு தெரியாம எப்படி விடுறது?" என்றார் அவர்.

பக்கத்துப் படுக்கையில் இருபது வயதைத் தாண்டிய ஒருவர். பிறவியிலேயே சிவப்பணு சரியாக உருவாகாத நோய். சில வாரங்களுக்கு ஒருமுறை வந்து ரத்தம் ஏற்றிக்கொண்டு போவாராம். விவரம் தெரிந்த நாளிலிருந்து இதே வார்டு. இந்த ஆஸ்பத்திரியை விட்டு அதிக தூரம் போகவே முடியாத மனிதரும், எங்கேயும் நிற்காத நானும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தோம்.

பத்து மணிவாக்கில் நர்சிங் மாணவிகள் கூட்டமாக வந்தார்கள். கூடவே அவர்களுடைய ஆசிரியை.

"ஐயா, பிள்ளைங்க பார்க்கட்டுங்களா?" என்றார்.

"பாருங்க, பாருங்க. கோயில் யானைன்னு நெனச்சுக்குங்க" என்றேன். ஒருத்தி சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு பெண் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். இன்னொருத்தி நகத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். தண்ணீர் வழியாமல் அப்படியே நின்றது. நகம் கரண்டி மாதிரிக் குழிந்திருந்தது. மெஷின் ஸ்பேனர் பிடித்துப் பிடித்து அப்படி ஆகிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன்.

"ரத்தசோகைன்னு எழுதிட்டு நிறுத்திடாதீங்க" என்றார் ஆசிரியை. "அது ஜுரம்னு எழுதுற மாதிரி. எதனாலன்னு தேடணும். சிவப்பணு சரியா உற்பத்தி ஆகலையா, உள்ளுக்குள்ளேயே உடையுதா, இல்ல வெளிய போகுதா? அதுக்குத் தகுந்த மாதிரிதான் வைத்தியம். இவருக்கு இரும்புச்சத்து இல்ல, கொடுக்கணும். பக்கத்துல இருக்கறவருக்கு ஏத்துற ரத்தத்துலேயே இரும்பு சேர்ந்துக்கிட்டு இருக்கு. வெளுத்திருக்காரேன்னு அவருக்கும் கொடுத்தோம்னா கெடுதல்."

"எனக்குள்ள சேந்ததை எடுத்து அண்ணனுக்கு ஒரு கடப்பாரை அடிச்சுக் குடுங்க மேடம்" என்றார் பக்கத்துப் படுக்கைக்காரர்.

நகம் பார்த்த பெண் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். "அண்ணா, மண்ணு, சாம்பல், பச்சரிசி, இப்படி ஏதாச்சும் திங்கணும்னு தோணுமா?"

"நான் என்ன புள்ளத்தாச்சியா?" என்றேன்.

சேதி கேட்டு ஊரிலிருந்து வந்து, படுக்கைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்கவில்லை. "நெல்லு திங்கிறாரும்மா. சட்டைப் பையில எப்பவும் கெடக்கும்."

"நெல்லு காஞ்சிருக்கான்னு காய்ச்சல் பாக்கக் கடிக்கிறது அது. தொழில்."

"வீட்டுல அரிசிப்பானையில கையை விட்டு என்ன காய்ச்சல் பாக்குறீங்க?"

மாணவிகள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே ஏதோ உறைத்தது. நெல்லோடு இருக்கிறவர்கள் எல்லாரும் நெல்லைக் கடிப்பார்கள். கடித்ததைத் துப்பிவிடுவார்கள். நான் துப்புவதை எப்போது நிறுத்தினேன்?

இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இப்படி ஒரு ஆசை வருவதுண்டு என்று அந்தப் பெண் சொன்னாள். அடுத்துக் காலைப் பற்றிக் கேட்டாள். உட்கார்ந்தால், படுத்தால் கால் நிலைகொள்ளாமல் இருக்கிறதா, நடந்தால் அடங்குகிறதா என்று. எதிரில் இருந்து பார்த்தவள் மாதிரிக் கேட்டாள். "அதுவும் இதனால வரலாம்ணா" என்றாள். நான் என் மனைவியைப் பார்க்கவில்லை. சாத்துக்குடி உரிக்கிற சத்தம் மட்டும் நின்றுபோயிருந்தது.

"இரும்பு மாத்திரை முன்னாடி சாப்பிட்டிருக்கீங்களா?"

போன வருஷம் கொடுத்தார்கள். டீயோடு விழுங்கினேன், களத்தில் வேறு என்ன கிடைக்கும்? டீ அந்தச் சத்தை உடம்பில் ஒட்ட விடாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மலம் கறுப்பாகப் போனதும் பயந்து நிறுத்திவிட்டேன். அந்த மாத்திரைக்கு அப்படிப் போவது சகஜமாம். எனக்குப் பயம் வந்ததற்கு வேறு காரணம் இருந்தது. அடுத்த கேள்வி நேராக அதற்கே வந்தது.

"மலத்தோட ரத்தம் போகுதாண்ணா?"

மகள் வயசுப் பெண். பக்கத்தில் ஐந்தாறு பேர். கீழே மனைவி. "இல்லைம்மா" என்றேன்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டு ஆசிரியையிடம் மெதுவாகச் சொன்னாள்: "மேடம், எங்க அப்பா வயல்ல வரப்புல நண்டு வளை இருந்தா எத்தனை மடை தொறந்தாலும் தண்ணி நிக்காது. இவருக்கு எங்கேயோ போய்க்கிட்டுதான் இருக்கணும்."

ஆசிரியை என்னை ஒன்றும் கேட்கவில்லை. "ஐயா, அப்புறமா டாக்டர்கிட்ட தனியாச் சொல்றதுன்னாலும் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எல்லாரையும் அழைத்துக்கொண்டு போனார்.

அவர்கள் போனதும் நான் சட்டையைத் தேடினேன். ஏற்றின ரத்தம் போதும், சாயங்காலம் போய் மெஷினில் ஏறிவிடலாம் என்று இருந்தது.

"எங்க போறீங்க?" என்றாள் மனைவி.

"பாத்ரூம்."

"லுங்கியை யாரு துவைக்கிறான்னு நெனச்சீங்க?"

நான் உட்கார்ந்தேன்.

"ரெண்டு வருஷமா துவைக்கிறேன். கேக்கலாம்னு வாயைத் தொறக்கிற அன்னைக்கெல்லாம் நீங்க பையத் தூக்கிருவீங்க. இப்ப அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

பக்கத்துப் படுக்கைக்காரர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

டாக்டரிடம் நானே சொன்னேன். மூலம். குழாய் விட்டுக் குடலையும் பார்த்துவிட்டு, வேறு ஒன்றும் இல்லை என்று உறுதி செய்தார்கள். அறுத்துச் சரி செய்தார்கள். இரும்பை டிரிப்ஸில் ஏற்றினார்கள். இதற்குள் மெஷின் ஆந்திரா போய்விட்டது. என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான்.

கால் உடனே அடங்கிவிடவில்லை. ஓரிரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் சாப்பிட்டு முடித்து வெகுநேரம் உட்கார்ந்தே இருந்திருக்கிறேன். அதைக் கவனித்தபோது சந்தோஷத்தை விடப் பயம்தான் வந்தது. இத்தனை வருஷம் கிளம்பினதெல்லாம் காலா, நானா?

நடவு அன்று வாய்க்காலில் தண்ணீர் நிறைய வந்தது. நாற்றுக்கட்டு வீசிக்கொண்டிருந்தபோது முதலாளி போன் செய்தார். அந்த ஆள் சரியில்லை, கர்நாடகா பக்கம் போகணும், வர்றியா என்றார்.

மனைவி நட்டுக்கொண்டே இருந்தாள். குனிந்த முதுகு மட்டும் தெரிந்தது. கால் சேற்றில் சும்மா நின்றுகொண்டிருந்தது. மனசு மட்டும் கர்நாடகா வரைக்கும் போய் வந்தது.

"நடவு முடியட்டும் முதலாளி. வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்."

"வீட்டுல கேட்டுட்டா? நீயா?" என்று அவர் சிரித்த சிரிப்பு வரப்பு வரைக்கும் கேட்டிருக்கும்.

போனை மடியில் செருகினேன். அவள் நிமிராமலேயே கேட்டாள். "எப்பக் கேக்கப் போறீங்க?"

"இந்தக் கட்டு முடியட்டும்" என்றேன்.