இரண்டாவது பிளேட்

ஊரிகத்துச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் ஏசுபாதத்தின் கதவில் மட்டும் இரண்டு பூட்டு தொங்கும். உள்ளே திருடத் தகுந்தது ஒன்றுமில்லை என்பது தெருவுக்கே தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு பூட்டு கெட்டுப்போனால்? தலைமாட்டில் இரண்டு அலாரம், பையில் இரண்டு டார்ச், மழைக்காலத்தில் இரண்டு குடை. ரயில் சீசன் டிக்கெட்டுக்கு ஜெராக்ஸ் வேறு. அதைக் காட்டினால் எந்தப் பரிசோதகரும் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று மனைவி இசபெல்லா எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். ஜெராக்ஸ் சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை.

இது தங்கச் சுரங்கத்தில் வந்த பழக்கம். மூடப்படும்வரை பதினோரு வருஷம் அவர் கீழே கூரை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். கம்பிக்கயிற்றில் தொங்கும் கேஜ் என்ற கூண்டில் ஏறி, ஆயிரக்கணக்கான அடி இறங்குகிற மனிதன் எதையாவது நம்பித்தான் ஆக வேண்டும். மற்றவர்கள் மாதாவையோ மாரியம்மனையோ நம்பினார்கள். ஏசுபாதம், கேஜை இறக்கி ஏற்றும் வைண்டிங் எஞ்சினின் இரண்டாவது பிரேக்கை நம்பினார். ஒன்று பிடிக்கும், அது போனால் பிடிப்பதற்கு இன்னொன்று சும்மா நிற்கும். வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ சொன்னது. மறுவாரமே அவர் கேஜில் நின்றபடி தூங்கப் பழகிவிட்டார்.

சுரங்கம் மூடியதும் ஆழத்தை விட்டு உயரத்துக்கு மாறினார். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆபரேட்டர். எட்டு மாடி.

எல்லாம் இரண்டிரண்டாக இருந்த வீட்டில் மகள் மட்டும் ஒன்று. லவினாவுக்கு இருபத்தேழு வயது, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் பந்தயம். தகப்பனின் ஜாக்கிரதை அவளை எட்டுவதற்குள் எங்கோ வழியில் இறங்கிக்கொண்டது. கோலார் பக்கம் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் வருஷத்துக்கு ஒருமுறை நேரப் போட்டி நடக்கும். பெண்கள் பிரிவில் முதல் மூன்று பேரை ஒரு பந்தய அணி எடுத்துக்கொள்ளும். லவினா இரண்டு வருஷமாக நான்காவதாக வந்துகொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயது ஆகிவிட்டால் எடுப்பதில்லை என்பதால் இதுதான் கடைசி முறை.

எனவே அவளுடைய சின்ன டர்போ காரின் எஞ்சின் சக்தியை, ஹொஸ்கோட்டையில் பட்டறை வைத்திருக்கும் கிரண் ஒன்றரை மடங்காக்கிக் கொடுத்தான். எஞ்சின் சம்மதித்தது. கிளட்ச் சம்மதிக்கவில்லை. எஞ்சினின் சுற்றைக் கியர்பாக்ஸுக்குப் பிடித்துக்கொடுக்கும் அந்த உராய்வுத் தட்டு, புதிய பலத்தைத் தாங்காமல் வழுக்கியது. மாற்ற வேண்டும். ஒற்றை பிளேட்டா, இரட்டை பிளேட்டா?

கிரண் இரண்டையும் மேஜைமேல் வைத்துப் பொறுமையாகவே விளக்கினான். ஒற்றை பிளேட்டில் ஸ்பிரிங் பலமாக இருக்கும், பெடல் கனக்கும். ஆனால் நெரிசலில் நிதானமாக நகர்த்தலாம். இரட்டை பிளேட் இன்னும் அதிக பலத்தைத் தாங்கும், பெடலும் லேசு. ஆனால் சத்தம் போடும், சட்டென்று கவ்வும், மெதுவாக வழுக்கி விடுகிற வேலை அதற்கு ஆகாது.

"இதே கார்லதான் டெய்லி ஆபீஸ் போறீங்க. உங்களுக்கு சிங்கிளே ஸாக்கு, போதும் மேடம்" என்றான்.

லவினாவுக்கு உள்ளூர இரட்டை மேல்தான் ஆசை. பெரிய பந்தயக்காரர்கள் அதைத்தான் போடுகிறார்கள். கூட வந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். ஏசுபாதம் முன்னால் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒத்த பிளேட்டு நடுவழில போச்சுன்னா?"

"போச்சுன்னா போச்சு, அங்கிள். வண்டி நின்னுடும்."

"அப்ப ரெண்டு போடு" என்றார். தகப்பனும் மகளும் அபூர்வமாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். காரணத்தை இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

புதுக் கிளட்சை முதலில் ஐந்நூறு கிலோமீட்டராவது பதமாக ஓட்டிப் பழக்க வேண்டும். லவினாவுக்கு ஆபீஸில் விடுப்பு இல்லை. ஏசுபாதம் பத்து நாள் லீவு போட்டார்.

"டாடி, பெடல் மேல கால் வெச்சினே ஓட்டாதீங்க. கிரண் சொல்லிகீறான்."

"எனுக்குத் தெரியாதா? நீ போம்மா."

பத்து நாளும் அந்தக் கார் ராபர்ட்சன்பேட்டை, பேத்தமங்கலம், பங்காருபேட்டை என்று சுரங்கம் கொட்டிவைத்த வெள்ளை மண்மேடுகளைச் சுற்றிச்சுற்றி வந்தது. காலிடப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கியது போன்ற சத்தத்தோடு வந்தது. கடைசி வீட்டு சம்பங்கி வெளியே வந்து பார்த்தார். சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மிஷின் சத்தம் கேட்டால் உட்கார மாட்டார்.

"இன்னா ஏசுபாதம், பாத்திரக் கடைய ஏத்தினு வரியா?"

"ரெண்டு பிளேட்டுண்ணே! ஒண்ணு வேல செய்து. இன்னொண்ணு சும்மா நிக்குது. அதான் ஆடுது."

சம்பங்கி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கார் போய்விட்டது.

போட்டி சனி, ஞாயிறு. சனிக்கிழமை பயிற்சி ஓட்டம். பச்சை விளக்கு எரிந்தது. எஞ்சின் அலறியது. கார் மட்டும் மாதா தேர் போல அசைந்து அசைந்து நகர்ந்தது. ஐம்பது அடி போவதற்குள் அடியிலிருந்து புகை. கருகிய நாற்றம், இரண்டு குடையோடு நின்றிருந்த ஏசுபாதம்வரை வந்தது. அவர் முகத்தில் கவலை இல்லை. "ஒண்ணு போச்சு. பரவால்ல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

மதியத்துக்குள் கிரண் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சைப் பிரித்துத் தார்ப்பாயில் வைத்தான். இரண்டு பிளேட்டும் கறுத்து, கண்ணாடி போல வழவழவென்று, அண்ணன் தம்பியாகக் கிடந்தன.

ஏசுபாதம் குனிந்தார். ஒன்றைப் புரட்டினார். மற்றதைப் புரட்டினார்.

"ரெண்டுமா?"

கிரண் தலையசைத்தான்.

"ரெண்டும் எப்பிடிப்பா போவும்? ஸ்பேர் எங்க?"

"இன்னா ஸ்பேர், அங்கிள்?"

"ரெண்டாவது பிளேட்டு. அது ஸ்பேர்தானே?"

கிரண் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "ஐயோ தேவரே! ரெண்டும் சேர்ந்துதான் அங்கிள் புடிக்கும். ஆளுக்குப் பாதி. ஒண்ணு போனா இன்னொண்ணும் போச்சு."

"டாடி, எப்பிடி ஓட்னீங்க? நெஜத்த சொல்லுங்க."

"ஒழுங்காத்தான் ஓட்னேன். காலால பெடல பாதி அமுக்கினே போனேன். பாதி அமுக்குனா ஒண்ணுதானே வேல செய்யும்? இன்னொண்ணு ரெஸ்ட்ல இருக்கும். போட்டிக்கு ஃப்ரெஷ்ஷா இருக்கட்டும்னு..."

"ஐந்நூறு கிலோமீட்டரா?"

"அறுநூத்தி நாப்பது" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

லவினா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தன் தகப்பன் இடது காலை அறுநூற்று நாற்பது கிலோமீட்டர் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, தன் கடைசி வாய்ப்பைச் சிறுகச்சிறுகத் தேய்த்திருக்கிறார், அதுவும் அன்போடு. அதற்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பெங்களூர்ல எங்கயும் இன்னிக்கே வேற கெடைக்காது மேடம்" என்றான் கிரண்.

ஏசுபாதம் மெல்லப் போய் டிக்கியைத் திறந்தார். பழைய போர்வையில் சுற்றி ஏதோ கனமாக இருந்தது. அவிழ்த்தார். கிரண் பட்டறையில் மேஜைமேல் வைத்துக் காட்டிய அதே ஒற்றை பிளேட் கிளட்ச், பட்டறைப் பையனிடம் அன்றே காசு கொடுத்து வாங்கியது; காரிலிருந்து கழற்றிய பழைய ஃப்ளைவீல் சக்கரம், போல்ட்டுகள் ஒரு டப்பாவில்.

"இத்த எதுக்குக் கொண்டுவந்தீங்க?" கிரண் கேட்டான்.

"ரெண்டும் போச்சுன்னா?" என்றார் ஏசுபாதம்.

கிளட்சுக்குள்ளே முழுத் தப்பாக இருந்த கொள்கை, டிக்கிக்குள்ளே முழுச் சரியாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் ஒற்றை பிளேட் ஏறிவிட்டது. அது தாங்குகிற அளவுக்குக் கிரண் எஞ்சினின் பலத்தைக் கொஞ்சம் இறக்கிவைத்தான். லவினா அப்பா பக்கமே வராமல் கிரணுக்குக் கருவிகளை எடுத்துக்கொடுத்தாள். மறுநாள் தூசி படிந்த ஓடுதளத்தில், பலம் அதிகமான கார்கள் புறப்படும்போதே சக்கரம் சுழன்று தடுமாறின. குறைந்த பலத்தோடும் நிதானமாகக் கவ்விய கிளட்சோடும் கிளம்பிய லவினா மூன்றாவதாக வந்தாள். நம்ப முடியாமல் முடிவுப் பலகையை மூன்று முறை படித்தாள்.

சாயங்காலம் சம்பங்கி மைசூர்பாகோடு வாழ்த்த வந்தார். எல்லாரும் டீ குடித்தார்கள். ஏசுபாதம் தன் தப்பைத் தானே சொல்லிச் சிரித்தார்.

"நம்ம வைண்டிங் பிரேக்கு மாதிரின்னு நெனச்சிட்டேண்ணே. ஒண்ணு புடிக்கும், இன்னொண்ணு சும்மா நிக்கும்ல, அது மாதிரி."

சம்பங்கி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "யாரு சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியுமே."

"எனுக்குத் தெரியாதே. இருவது வருசம் அந்த லீவர நான்தானேய்யா புடிச்சினு இருந்தேன். டிரம்முக்கு அந்தப் பக்கம் ஒரு பிரேக்குக் கட்ட, இந்தப் பக்கம் ஒரு கட்ட. ரெண்டும் ஒண்ணா கவ்வும். ஒரே ராடு. ராடு போச்சுன்னா ரெண்டும் போச்சு."

இசபெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அப்ப... நாங்க எறங்கறப்போ?"

"நீங்க எறங்கறப்போ நான் சாமி கும்பிடுவேன்."

"தெனமுமா?"

"ஷிஃப்டுக்கு ரெண்டு வாட்டி."

ஏசுபாதம் சிரிப்பை நிறுத்தினார். பதினோரு வருஷம். தினமும் இறக்கம் ஒன்று, ஏற்றம் ஒன்று. ஆறாயிரத்துக்கும் மேல் பயணம், பாதியில் தூக்கம். சுரங்கம் மூடுமுன், இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டிய பயம் அத்தனையும் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சிமெண்டுத் தரையில் பத்திரமாக உட்கார்ந்திருந்த மனிதரைப் பிடித்தது. கிளாஸ் தட்டில் கடகடத்தது. இரட்டை பிளேட் போட்ட சத்தம் அதேதான்.

லவினா எழுந்துபோய்க் கிளாஸை வாங்கி வைத்தாள். நேற்று மதியத்திலிருந்து முதல்முறையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டாடி. டாடி, இங்க பாருங்க. ஒண்ணும் ஆவல."

அவர் வாசலில் நின்ற காரைக் காட்டினார்.

"அதுல பிரேக்கு எத்தினி?"

"நாலு."

"நாலும் ஒண்ணாதான் புடிக்குமா?"

"ஒண்ணாதான் டாடி."

ஏசுபாதம் யோசித்தார். இந்திய மண்ணில் ஒரு பந்தய ஓட்டுநருக்கு, அதுவும் அணியில் சேர்ந்த அன்றைக்கே, யாரும் சொல்லியிராத யோசனையைச் சொன்னார்.

"அப்ப மெதுவா போ."